கோழிப்பண்ணைக்குக் கிழக்கே ஓர் இங்கிலாந்து

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்பினால் இங்கிலாந்து வந்துவிடும். விசா வேண்டியதில்லை. வாயிலில் நிற்கும் காவலாளியிடம் யார் வீட்டுக்கு என்று சொல்லி, கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவார். உள்ளே லிட்டில் ஆஷ்வெல். ஒன்பது ஏக்கர். கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் நிலக்கடலை விளைந்த செம்மண்.

இந்த ஊரைக் கட்டியவர் சின்னண்ணன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை வைத்துப் பாதி இந்தியாவில் துளை போட்டவர். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு ஒரு கோடையில் போனார். மகன் குடியிருந்தது நூறு வீடுகூட இல்லாத குக்கிராமம். பேச ஆளில்லை, துளை போட இடமில்லை. காலையில் எழுந்து ஊரைச் சுற்றுவதும், கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுப்பதுமாக ஒரு மாதத்தை ஓட்டினார். அங்கே அவருக்குப் பிடித்திருந்தது அமைதி. அதைப் படமெடுக்க வழியில்லாததால் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

படத்தில் இருக்கிற எதையும் விடக் கூடாது என்று கொத்தனார்களுக்கு உத்தரவு. அதனால் லிட்டில் ஆஷ்வெல்லில் ஒரு கல்பாலம் உண்டு. கீழே ஓடை கிடையாது. சிவப்புத் தொலைபேசிக் கூண்டு உண்டு; உள்ளே காவலாளியின் சாப்பாட்டுப் பை தொங்கும். ஊசிக் கோபுரம் உண்டு; அது மேல்நிலைத் தொட்டி. உச்சியில் சிலுவையும் இல்லை, கலசமும் இல்லை என்பதால் எந்தச் சாமிக்கும் வருத்தமில்லை. ‘சிவப்புச் சிங்கம்’ என்று பலகை மாட்டிய பப் உண்டு. பெண்கள் திரண்டு வந்து மறியல் பண்ணிவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே பருத்திப்பாலும் காளான் வறுவலும் மட்டும் கிடைக்கும். நுழைந்ததும் ஒரு மைல்கல், லண்டன் அறுபத்திரண்டு மைல் என்கிறது. அசலில் அப்படித்தான் இருந்தது என்று சின்னண்ணன் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, புல்வெளி நடுவில் ஒரு கருங்கல். அந்த இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத பையன்களின் பெயர்களை அசல் கல்லில் வெட்டியிருந்தார்கள். நம் சிற்பியும் எழுத்துப் பிசகாமல் வெட்டித் தந்தார். நம் பக்கத்தில் கல்லில் பெயர் இருந்தால் அது உபயதாரர் பெயர்தான். ஊர் கட்டப் பணம் கொடுத்த வெள்ளைக்காரர்கள் என்று முடிவுசெய்து, குடியிருப்போர் அந்தக் கல்லுக்கு ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்கிறார்கள். செத்துப்போன பையன்கள் ஆட்சேபிக்கவில்லை.

இந்த இங்கிலாந்தின் மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரனின் முட்டைக்கோழிப் பண்ணை. நாலு கொட்டகை, நாற்பதாயிரம் கோழி. மதில் வருவதற்கு இருபது வருடம் முந்தியே அது அங்கே இருந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். இதை மனைகளை விற்ற எவரும் சொல்லவில்லை, வாங்கிய எவரும் கேட்கவில்லை. மனை விற்பனை முழுக்க ஐப்பசியில் நடந்தது.

மாதேஸ்வரனின் வாழ்க்கையைச் சுருக்கினால், அவன் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை என்பதில் அடங்கிவிடும். அப்பா பாலிடெக்னிக்கில் சேரச் சொன்னார், சேர்ந்தான். படிப்பு முடிந்த கையோடு பண்ணைக்கு வரச் சொன்னார், வந்தான். அப்பா காலமான பிறகு தீவனக்காரர் சொன்ன தீவனம், மருந்துக்காரர் சொன்ன மருந்து. இப்படிப்பட்ட பையனுக்குப் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்றுதான் அவன் அம்மா கண்ணாத்தாள் நினைத்திருந்தார். முப்பத்தேழு வயதாகியும் வரிசை கூடவில்லை.

குறை பையனிடம் இல்லை. இந்தப் பக்கத்துக் கல்யாணச் சந்தை அப்படி. பெண் வீட்டுக்காரர்கள் ரொம்பத் தெளிவாக இருக்கிறார்கள். தோட்டம் இருக்க வேண்டும். மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கக் கூடாது. பண்ணை இருக்க வேண்டும். பண்ணைக்குப் பக்கத்தில் வீடு இருக்கக் கூடாது. மாமியார் இருக்கலாம், கோயில் குளத்துக்குப் போகிறவராக இருந்தால் நல்லது. ஒன்பது வருடத்தில் மாதேஸ்வரன் பார்க்காத பெண் இல்லை. அவனைப் பார்த்த பெண்களுக்கெல்லாம் இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். பண்ணை வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு மூச்சு இழுத்து, மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் மட்டும் நாலு.

கடைசியில் தரகர்தான் வழி சொன்னார். சாதகத்தில் ஒரு குறையும் இல்லை, குறை முகவரியில்தான் இருக்கிறது என்றார். கண்ணாத்தாள் அன்று மாலையே மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இங்கிலாந்து தெரிந்தது. அடுத்த மாதம் லிட்டில் ஆஷ்வெல்லில் பதினேழாம் எண் வீடு மாதேஸ்வரன் பெயருக்கு வந்தது. புகை வராத புகைபோக்கி, சாய்வுக் கூரை, வாசலில் ரோஜாச் செடி. அம்மாவும் மகனும் ராத்திரி அங்கே படுத்துக்கொண்டார்கள். விடியலில் மதிலைச் சுற்றிக்கொண்டு பண்ணைக்குப் போய், குளித்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். பண்ணை யாருடையது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது தொழிலைக் கேட்டால், தரகர் சொல்லிக்கொடுத்தபடி, “ஏற்றுமதிங்க” என்பான். முட்டை கப்பலேறிப் போவது உண்மைதானே.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் தீனதயாளன். அரசு வேலையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் மாதாமாதம் சிவப்புச் சிங்கத்தில் நடக்கும், ஆங்கிலத்தில். ஊருக்கு ஏற்ற மொழி வேண்டுமல்லவா. அந்த ஆடி மாதக் கூட்டத்தில் பருத்திப்பால் தம்ளர் ஒவ்வொன்றிலும் ஈ விழுந்தது. மேற்கே இருக்கும் பண்ணையை அகற்ற எல்லா நடவடிக்கையும் எடுப்பது என்று தீனதயாளன் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன் மேல் அவர் பார்வை விழுந்தது. மாதேஸ்வரன் கையைத் தூக்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி, பண்ணைக்கு நோட்டீஸ் போனது. அதை வாங்கி மடித்துத் தீவன மூட்டைக்கு அடியில் வைத்தவனும் மாதேஸ்வரன்தான்.

இதற்கிடையில் ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பெயர் அனிதா. முப்பத்து மூன்று வயது. சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, அங்கேயே வசதிக்காரர்கள் பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் வீடு. அப்பா இல்லை, எல்லாவற்றையும் பெரியப்பா பெரியசாமிதான் முன்னின்று பார்க்கிறார். லாரி புக்கிங் அலுவலகம் நடத்திய மனிதர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எத்தனை டன் என்று கண்ணாலேயே எடை போடுகிறவர். புகைப்படமும் சாதகமும் பொருந்திவிட்டன. லிட்டில் ஆஷ்வெல் என்ற முகவரி எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தியது. பெண்ணுக்கும் பையனுக்கும் போனில் இரண்டு முறை பேச்சு நடந்தது. இரண்டு முறையும் மாதேஸ்வரன் “ஆமாங்க” என்றான்.

மீதி இருந்தது வீடு பார்க்கும் சடங்கு ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் பையனைப் பார்ப்பது பத்து நிமிஷ வேலை. வீடு பார்ப்பதுதான் விசாரணை. பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்து கொல்லைப்புறம் வரை போவார்கள், குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் உறுதி வார்த்தை. காற்று திரும்பட்டும், ஐப்பசியில் வரட்டும் என்று கண்ணாத்தாள் ஆனமட்டும் இழுத்துப் பார்த்தார். பெண் வீட்டு சோசியர் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

கண்ணாத்தாள் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. சன்னல்களை எல்லாம் சாத்தி, மூலைக்கு மூலை ஊதுபத்தி ஏற்றினார். தீனதயாளனிடம் போய், சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு எதேச்சையாக வருவதுபோல் வந்து நாலு வார்த்தை இங்கிலீசு பேசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவர்கள் அக்கம்பக்கம் என்று தெரிந்தால் பெரியப்பாக்காரர் மடங்கிவிடுவார் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணும் வந்திருந்தாள். தான் குடியிருக்கப்போகிற வீட்டைத் தான்தானே பார்க்க வேண்டும் என்றாளாம். மாதேஸ்வரன் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். பெரியசாமி கல்பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். மழைக்காலத்தில் என்று மாதேஸ்வரன் சொன்னான். மைல்கல்லைப் பார்த்து, லாரிக்காரர் என்ற முறையில் அதை மட்டும் நம்ப முடியாது என்று தலையாட்டினார். கருங்கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பெயர்களை விரலால் தடவிப் பார்த்து, இத்தனை பேர் செலவு பண்ணியும் ஒரு கோயில் கட்டவில்லையே என்று வருத்தப்பட்டார். அனிதா தொலைபேசிக் கூண்டைத் திறந்தாள். உள்ளே தொங்கிய சாப்பாட்டுப் பையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்தினாள்.

விருந்து முடிந்து கூடத்தில் உட்கார்ந்தபோது ஈக்கள் வந்தன. சாத்திய சன்னலுக்கு அவை மரியாதை கொடுக்கவில்லை. பெரியசாமி காப்பித் தம்ளரை ஒரு கையால் மூடிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். மாப்பிள்ளைக்குத் தொழில் ஏற்றுமதி என்று தெரியும்; எதை ஏற்றுமதி பண்ணுகிறார் என்று கேட்டார். முட்டை என்றான் மாதேஸ்வரன். யாருடைய முட்டை என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் தீனதயாளன் எதேச்சையாக வந்துவிட்டார்.

பேசிக்கொண்டபடி நாலு வார்த்தை இங்கிலீசு பேசினார். பிறகு, பேச்சில் லயித்த மனிதர்களுக்கு வருகிற கெடுதல் அவருக்கும் வந்தது. தமிழுக்கு மாறினார். ஈக்களுக்காக விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையின் கைங்கரியம் என்றார். தைக்குள் அதை மூடவைத்துவிடுவோம், தீர்மானம் போட்டாயிற்று, உங்கள் மாப்பிள்ளைதான் முதல் ஆளாகக் கை தூக்கினார் என்று மாதேஸ்வரனின் தோளைத் தட்டினார். பண்ணைக்காரன் ஒரு முரடன், நோட்டீஸுக்குப் பதில்கூடப் போடவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

பெரியசாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தப் பண்ணைல எத்தனை கோழிங்க இருக்கும்?”

“நாப்பதாயிரம் இருக்கும்னு சொல்றாங்க.”

“நாப்பதாயிரம்.” பெரியசாமி சன்னலைத் திறக்கச் சொல்லி, மேற்கே தெரிந்த கொட்டகைக் கூரைகளை நிதானமாகப் பார்த்தார். காற்று முகத்தில் அடித்தது. அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. நாற்காலியை அப்படியே கண்ணாத்தாள் பக்கம் திருப்பினார். “ஏனுங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் தங்கமான பையன். ஆனாப் பாருங்க, காடு தோட்டம்னு ஒண்ணும் காணோம், இந்த ஊட்டை மட்டும் வெச்சுட்டு என்னத்தப் பண்றது? அந்தப் பண்ணைக்காரங்க ஊட்ல கட்டற வயசுல பையன் யாராச்சும் இருக்கறாங்களா?”

ஒன்பது வருடம் பொறுத்த கண்ணாத்தாள் இதற்கு மேல் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினார்.

“இருக்கறானுங்ண்ணா. உங்களுக்கு எதுத்தாப்புலதான் உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருக்கறான்.”

தீனதயாளன் முதலில் மாதேஸ்வரனின் கையைப் பார்த்தார். அன்று தூக்கிய அதே கையில் பாதி முறுக்கு இருந்தது. பெரியசாமி முகத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று மோதின. பொய் சொன்ன குடும்பம் என்று எழுந்து போவதா, நாற்பதாயிரம் கோழி என்று உட்கார்ந்துகொள்வதா? மனிதர் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

அனிதா, பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தீனதயாளனைத் தவிர எல்லோரும் மதிலைச் சுற்றி நடந்தார்கள். கண்ணாத்தாள் வழி நெடுக, பையனிடம் ஒரு பொய்யும் கிடையாது, எல்லாம் தரகர் சொன்னது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டகை வாசலில் மற்றவர்கள் நின்றுகொள்ள, அனிதா உள்ளே போனாள். மாதேஸ்வரன் பின்னாலேயே போனான். கூண்டுகளின் வரிசைக்கு அடியில் கோழி எரு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். அலுவலகத்தில் பண்ணைக் கணக்குகள் பார்த்துப் பழகியவள், ஆடிக்கு முன்பே அள்ள வேண்டியதல்லவா என்று கேட்டாள். வீடு வாங்கின அலைச்சலில் விட்டுப்போய்விட்டது என்றான்.

“அப்ப அந்தச் சார் சொல்றது நெசம்தான?”

“நெசந்தானுங்க.”

“நெசமா இருந்தா அள்ளிருக்கணும். இல்லீன்னா முடியாதுன்னு சொல்லிருக்கணும். உங்க பண்ணைய மூடச் சொல்லி நீங்களே எதுக்குங்க கை தூக்குனீங்க? நாளைக்கு என்னைய வெரட்டச் சொல்லித் தீர்மானம் போட்டாலும் தூக்குவீங்களா?”

மாதேஸ்வரன் பக்கத்துக் கூண்டில் ஒரு முட்டையை நேராக்கி வைத்தான். அவனுடைய வாழ்க்கையில் “ஆமாங்க” என்று சொல்லக் கூடாத ஒரு கேள்வி வந்திருக்கிறது என்பது அவனுக்கே புரிந்தது.

“அங்க எல்லாம் இங்கிலீசுல கேட்டாங்க,” என்றான் கடைசியில். “எனக்குப் புரிஞ்சுது. இங்கிலீசுல மாட்டேன்னு சொல்லத்தான் வரலீங்க. கை தூக்கறது சுலுவா இருந்துது.”

அனிதா சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு கண்டிப்பாகவும் பேச முடியும் என்பது ஆடிட்டர் அலுவலகத்தில் கற்றுக்கொண்டது போலும். “தமிழ்ல சொல்லிப் போட்டு வாங்க. எருவையும் அள்ளுங்க. ரெண்டும் ஆனதுக்கப்பறம் பெரியப்பாவுக்குப் போன் பண்ணுங்க.”

வெளியே வந்து பெரியப்பாவிடம் அவள் என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை. அவர் காரில் ஏறுமுன் முட்டை வண்டி எந்த ஊருக்கெல்லாம் போகிறது, வாடகை என்ன என்று மாதேஸ்வரனைத் தனியே விசாரித்தார். கண்ணாத்தாள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் எரு அள்ள டிராக்டர்கள் வந்தன. கிளறினால் நாற்றம் இரண்டு மடங்கு. லிட்டில் ஆஷ்வெல்லில் நாலு நாள் யாரும் புல்வெளிப் பக்கம் வரவில்லை. சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. தீனதயாளன் ஆங்கிலத்தில் தொடங்கினார். மாதேஸ்வரன் எழுந்தான். பேசிப் பழக்கமில்லாததால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பண்ணை தன்னுடையது, மூட மாட்டேன், ஈக்குத் தான்தான் பொறுப்பு, இனி வாரம் தவறாமல் எரு அள்ளப்படும், போன கூட்டத்தில் தூக்கிய கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று தமிழில் சொன்னான். தூக்கிய கையைத் திரும்ப எடுக்க விதி இருக்கிறதா என்று ஒரு விவாதம் கிளம்பியது. அது முடிவதற்குள் அவன் வெளியே வந்து போன் பண்ணிவிட்டான்.

ஈ குறைந்ததும் பண்ணையை மூடும் பேச்சு அடங்கிவிட்டது. தையில் கல்யாணம் நடந்தது. பெரியசாமி சம்பந்தி வீட்டைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் நாற்பதாயிரம் கோழி என்று தொடங்கி, நேரம் இருந்தால் பையன் பெயரையும் சொன்னார். அனிதா, குடித்தனம் பண்ணை வீட்டில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கொட்டகைக்கும் இங்கிலாந்துக்கும் தினம் அலைகிற நேரத்தில் அஸ்தம்பட்டிக்கு பஸ் பிடிக்கலாம் என்பது அவள் கட்சி. பதினேழாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது.

ஆனால் சுற்றுவட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு. முப்பத்தேழு வயது கோழிப்பண்ணைக்காரனுக்கு ஃபேர்லேண்ட்ஸ் பெண் கிடைத்தாள், எப்படிக் கிடைத்தாள்? இங்கிலாந்து ஊரில் வீடு வாங்கினான், கிடைத்தாள். எரு அள்ளியதும் எழுந்து நின்று பேசியதும் யாருக்கும் சுவாரசியமாகப் படவில்லை. பரமத்தியிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் முப்பத்தைந்து தாண்டிய பையன்களின் அம்மாக்கள் வந்து மைல்கல் முன்னால் நின்றார்கள். சின்னண்ணன் பக்கத்து நிலத்துக்கும் அட்வான்ஸ் போட்டுவிட்டார். அங்கே வேறொரு கிராமம் வரப்போகிறதாம், இதைவிடச் சின்னது. மனை வாங்க வசதி இல்லாதவர்கள் கண்ணாத்தாளிடம் வந்தார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தர முடியுமா, வீடு பார்க்க வருகிறவர்கள் போனதும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். கண்ணாத்தாள் பழைய நினைப்பில் இரக்கப்பட்டுக் கொடுத்தார். ஒரு மாதத்தில் எல்லா ஞாயிறும் நிறைந்தன. எந்த வாரம் எந்தப் பையன் அந்த வீட்டுச் சொந்தக்காரன் என்பது காவலாளிக்கு மட்டும் தெரியும்.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் தீனதயாளன் மதிலைச் சுற்றிப் பண்ணைக்கு வந்தார். முதல் தடவை. மாதேஸ்வரன் நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. வாழப்பாடியில் தன் தம்பி மகன் இருக்கிறான், மரவள்ளியும் பாக்கும் பத்து ஏக்கர், நல்ல பையன், வயது முப்பத்தெட்டு என்று தொடங்கினார். தன் வீட்டையே காட்டலாம்தான், ஆனால் வாசலில் ஓய்வு பெற்ற பொறியாளர் என்று பலகை இருக்கிறது, அது பையனுடைய வீடு இல்லை என்று தெரிந்துவிடும். பதினேழாம் எண் அடுத்த ஞாயிறு காலியா?

அனிதா அடுக்களையிலிருந்து சாவியோடு வந்தாள்.

“எடுத்துக்கங்க சார். ஆனா பையன் வெவசாயம் பாக்கறான்னு மொதல்லயே சொல்லிப் போடுங்க. எங்க மாதிரி நடுவுல மாட்டிக்காதீங்க.”

தீனதயாளன் சாவியை வாங்கினார். மேற்கே கொட்டகைகளையும் கிழக்கே ஊசிக் கோபுரத்தையும் ஒருமுறை பார்த்தார். சங்கத் தலைவராக அவர் எத்தனையோ கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னவர். இதற்குத் தமிழ்தான் வந்தது.

“அதைச் சொன்னா காரை விட்டு எறங்குவாங்களாம்மா?”

மாதேஸ்வரன் அவரை மதில் வரைக்கும் கூடவே நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.